புலித்துறையில் ஒரு வளைகாப்பு

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. இதுவரைக்கும் வழக்கமான கதைதான். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு காடு இருந்து, அதில் ஒரு புலியும் ராஜாவாக இருந்ததுதான் தொல்லை.

இரண்டு காட்டுக்கும் நடுவே கடலில் ஒரு பாறை. வெயிலில் சுடும், மழையில் வழுக்கும், ஒரு நண்டுகூட அதில் குடியிருக்கச் சம்மதித்ததில்லை. ஒருநாள் சிங்கம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என் தலை மாதிரியே இருக்கிறது, ஆகவே என்னுடையது" என்றது. புலி அந்தப் பக்கத்திலிருந்து பார்த்து, "வரி வரியாக இருக்கிறது, என்னுடையது" என்றது. அவ்வளவுதான். தோணிகள் நின்றன, தபால் புறா நின்றது, இரண்டு கரையிலும் காலை முதல் மாலை வரை ஒலிபெருக்கியில் நாட்டுப்பற்றுப் பாடல் ஓடியது. காது செவிடாகிப் போன மீன்கள் எல்லாம் வேறு கடலுக்குக் குடிபெயர்ந்தன.

இந்தச் சண்டையில் வசமாக மாட்டிக்கொண்டவள் சிங்கக் காட்டு முள்ளம்பன்றி செங்கமலம். அவளுடைய தங்கை ரஞ்சிதத்தைப் புலிக் காட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. கல்யாணமாகி நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து, கும்பிடாத சாமி இல்லை என்று கும்பிட்டு, இப்போதுதான் அவள் நிறைமாதமாக இருந்தாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆகவே வளையல் வாங்கிக்கொண்டு போய், வளைகாப்புப் போட்டு, கையோடு தங்கையைப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது அக்காவின் பொறுப்பு. பாறை யாருடையது என்று தீர்ப்பாகும் வரை எந்தப் பிள்ளையும் வயிற்றில் காத்திருக்காது.

அக்கரைக்குப் போக ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. 'உல்லாச ராணி' என்ற சுற்றுலாக் கப்பல். கப்பல் என்றால் ஒரு கிழட்டுப் பேராமை. அதன் முதுகில் மூங்கிலால் மாடி கட்டி, மேல்தட்டில் ஊஞ்சல் போட்டிருந்தார்கள். எல்லாப் படகும் நின்ற பிறகு இது மட்டும் எப்படி ஓடியது என்று கேட்கக் கூடாது. இரண்டு ராஜாக்களின் மைத்துனர்களும் அதில் பங்குதாரர்கள்.

செங்கமலமும் அவள் புருஷன் வைரவனும் கப்பலேறப் போகிறார்கள் என்ற செய்தி தெருவில் பரவியது. அப்புறம் நடந்ததை உங்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? "எப்படியும் அந்தப் பக்கம்தானே போறீங்க, அப்படியே இதையும் கொடுத்துடுங்க" என்று ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்துவிட்டார்கள். குரங்கு வீட்டில் மிளகாய்ப்பொடி கொடுத்தார்கள். மான் வீட்டில் அப்பளம். நரி வீட்டம்மா என்றைக்கோ அக்கரையிலிருந்து குழம்பு வந்த தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதென்று அதில் ஒரு பிடி சர்க்கரை போட்டிருந்தாள். தங்கைக்கான வளையல் பெட்டி இந்த மூட்டைகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

கப்பலில் கேப்டன் நாரை ஒற்றைக் காலில் நின்று வரவேற்றது. "நாம் பார்க்கப் போகும் துறைமுகங்கள் மூன்று. கண்கொள்ளாக் காட்சி" என்றது.

முதல் துறைமுகம் யானைகளுடையது. யானைகள் நடுநிலை வகித்தன. நடுநிலை என்றால் யாரையும் உள்ளே விடாமல் எல்லோருக்கும் கையசைப்பது. கரையில் வரிசையாக நின்று தும்பிக்கையை ஆட்டின. பயணிகள் பதிலுக்கு ஆட்டினார்கள். துறைமுகம் பார்த்தாயிற்று.

இரண்டாவது துறைமுகம் குரங்குகளுடையது. குரங்குகள் காலையில் சிங்கத்தின் கூட்டாளி, மத்தியானம் புலியின் கூட்டாளி. கப்பல் சரியாகச் சாப்பாட்டு வேளையில் போய் நின்றதால், எந்தக் கட்சி என்று அவற்றுக்கே தெரியவில்லை. பாதுகாப்புக்காக இரண்டு கட்சி சார்பாகவும் தேங்காய் எறிந்தன. "உள்ளூர் மக்களின் பாரம்பரிய வரவேற்பு" என்று நாரை விளக்கம் சொன்னது. பயணிகள் குனிந்தபடியே படம் எடுத்துக்கொண்டார்கள்.

யாருக்கும் வருத்தமில்லை. கப்பலில் பஃபே இருந்தது. நின்றால் சாப்பாடு, நடந்தால் சாப்பாடு. வைரவன் தட்டை விட்டு நிமிரவே இல்லை. செங்கமலத்துக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. மூன்றாவது துறைமுகத்திலும் இப்படிக் கையசைத்துத் திருப்பிவிட்டால் தங்கையின் கதி என்ன என்று மூட்டைகளுக்கு அடியில் கைவிட்டு வளையல் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாவதுதான் புலித்துறை. கப்பல் நின்றதுமே நாரை ஊதுகுழலை ஊதிவிட்டு அறிவித்தது. "தற்போதைய சூழ்நிலை காரணமாகப் பயணிகள் கரையிறங்க முடியாது. ஊஞ்சலில் அமர்ந்தபடி துறைமுகத்தைக் கண்டு களிக்கலாம். மாலையில் போண்டா உண்டு."

சோதனை அதிகாரியான கழுதைப்புலி கப்பலில் ஏறியது. எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வது அதன் பிறவிக் குணம். செங்கமலம் அதன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, என் தங்கச்சி நிறைமாசம். அந்தா தெரியுதே, அந்த மேட்டுக்குப் பின்னாலதான் வீடு. ஒரு எட்டுப் போயி வளையலைப் போட்டு அவளைக் கூட்டிக்கிட்டு வந்துடுறேன்."

"ஹி ஹி, முடியாதும்மா. சட்டம். நல்ல பயணிகள் யாரும் இறங்கக் கூடாது. ஹி ஹி."

"நான் பொய் சொல்லலை தம்பி."

"அதான் சொல்றேன். நல்லவங்க கப்பல்லயே இருக்கணும். பையைத் திறங்க. இதை நீங்களேதான் கட்டினீங்களா?"

மற்ற பயணிகள் அத்தனை பேரும் இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் போண்டாவுக்கு வரிசை கட்டியிருந்தார்கள். செங்கமலம் உண்மை பேசி வளர்ந்தவள்.

"நான் எங்க கட்டினேன்? எங்க தெருவே சேர்ந்து கட்டிச்சு" என்றாள்.

கழுதைப்புலியின் சிரிப்பு பாதியில் நின்றது. அது பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அப்போதுதான் சிரிப்பை நிறுத்தியது. பொட்டலங்களைப் பிரித்தது. சிவப்பாக ஒரு தூள்; முகர்ந்து பார்த்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றியது. தூக்குவாளிக்குள் வெள்ளையாக ஒரு தூள். வட்டவட்டமாக மெல்லிய தகடுகள். ஒரு பொட்டலத்தின் மேல் எழுதியிருந்தது: 'பெரியமாமாவுக்கு. ஆலமரத்துக்குப் பக்கத்தில் வந்து யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.'

"யாரைக் கேட்டாலும் சொல்வாங்களா?" என்று நடுங்கியது கழுதைப்புலி. "அப்ப எங்க காட்டுல உங்க ஆளுங்க எத்தனை பேரும்மா?"

செங்கமலத்தின் கையில் விலங்கு விழுந்தது. கப்பலே திரும்பிப் பார்த்தது. வைரவன் தட்டோடு ஓடி வந்தார்.

"என்னங்க, என்னைக் கைது பண்ணிக் கூட்டிட்டுப் போறாங்க. மாத்திரையை மறக்காமப் போடுங்க" என்று கத்தினாள் செங்கமலம்.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடுவியா?" என்றார் வைரவன்.

அழுதுகொண்டேதான் பலகையில் இறங்கினாள். மணலில் கால் பட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது, தான் கரையில் நிற்கிறோம் என்பது. நல்ல பயணிகள் ஒருவர்கூட வைக்க முடியாத இடத்தில் அவள் கால் வைத்திருந்தாள். அதுவும் காவலோடு, மூட்டையைத் தூக்க ஆளோடு!

விசாரணை அறையில் கழுதைப்புலி தண்ணீர் கொடுத்து, "உள்ளதைச் சொல்லுங்கம்மா. நீங்க உளவாளி இல்லைன்னா இப்பவே கப்பல்ல ஏத்தி அனுப்பிடுறேன்" என்றது.

செங்கமலம் சற்றும் யோசிக்கவில்லை. "உளவாளிதான் தம்பி. பிறந்ததுலேர்ந்தே உளவாளிதான்."

புலி ராஜா உலகத்தின் முன்னால் நல்ல பெயர் எடுக்க ஆசைப்பட்டு ஒரு சட்டம் போட்டிருந்தது. பிடிபட்ட உளவாளிக்கு மூன்று வேளைச் சாப்பாடு, மெத்தை, ரத்த உறவினர் வந்து பார்க்க அனுமதி. ஒரு பொழுது போவதற்குள் ரஞ்சிதம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, புருஷன் சோலையப்பன் கைபிடித்து வந்தாள். அக்காவைக் கம்பிக்குப் பின்னால் பார்த்ததும் விம்மி அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இப்படி இளைச்சுப் போயிட்டியே, கப்பல்ல சோறு போடலியா?" என்று திட்டினாள். செங்கமலம் கம்பி வழியாகக் கையை நீட்டித் தங்கையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே ஒரு உதை விழுந்தது. அந்த உதைக்காக இன்னொரு காட்டிலும் கைதாகலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் வளையல் பெட்டி சாட்சிப் பொருளாகப் பூட்டிக் கிடந்தது.

"சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை" என்று கழுதைப்புலி வளையல்களை உருட்டிக்கொண்டிருந்தது. "இது ஏதோ ரகசியச் செய்தி. படிக்கத்தான் தெரியலை."

"இப்படித் தரையில பரப்பி வச்சா எப்படித் தம்பி தெரியும்?" என்றாள் செங்கமலம். "நிறைமாசக்காரி கையில, முறைப்படி ஒண்ணொண்ணாப் போட்டாத்தான் செய்தி வரும்."

"முறைன்னா?"

"மணையில உட்கார வைக்கணும். சந்தனம் பூசணும். முதல்ல வேப்பிலைக் காப்பு. சுமங்கலிங்க பாட்டுப் பாடணும். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் செய்தி தப்பாப் போயிடும்."

நாட்டின் பாதுகாப்பு விஷயம் ஆயிற்றே! அரண்மனைச் சமையற்கூடத்திலிருந்து அண்டா அண்டாவாக வந்தது. காவல்துறைப் பெண்சிறுத்தைகள் சுற்றி நின்று பாட, பாட்டின் ஒவ்வொரு வரியையும் ஒரு எழுத்தர் குறித்துக்கொண்டார். முள்ளம்பன்றிக்கு வளையல் போடுவது லேசான காரியமில்லை. முள்ளை மடக்கி எண்ணெய் தடவி ஏற்ற வேண்டும். செங்கமலம் பொறுமையாக ஏற்றினாள். "அம்மா இருந்திருந்தா..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதையும் எழுத்தர் குறித்துக்கொண்டார். வந்திருந்த சுமங்கலிகளுக்கும் வளையல் கொடுக்க வேண்டும் என்பதால், பாதிச் சாட்சிப் பொருள் சிறுத்தைகளின் கையில் குலுங்கியது.

"செய்தி என்ன?" என்று ஆவலாகக் கேட்டது கழுதைப்புலி, வாயில் புளிசாதத்தோடு.

"இப்ப பாதிதான் தம்பி. பிள்ளை பிறந்ததும் மீதி."

வளைகாப்பு முடிந்தது. மிச்சமிருந்தது தங்கையை அழைத்துப் போவது ஒன்றுதான். அதற்குத்தான் வழியில்லை. புலிக் காட்டுப் பிரஜை யாரும் கடல் தாண்டக் கூடாதென்று கட்டளை. அந்த நேரத்தில் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. கழுதைப்புலி செய்தியைக் கேட்டுவிட்டு முகம் தொங்கத் திரும்பியது.

"போச்சும்மா. கப்பல் நாளைக்கு இந்த வழியாத்தான் திரும்புது. உளவாளிகளை மாத்திக்கிறதுன்னு ராஜாக்கள் பேசி முடிச்சுட்டாங்க. உங்க சிங்கம் எங்க ஆளு ரெண்டு பேரைத் தருது. கருவாட்டுப் பொட்டலத்தோட பிடிபட்ட கிழட்டுக் காட்டுப்பூனைங்க. எங்ககிட்ட நீங்க ஒருத்திதான் இருக்கீங்க. ரெண்டு வாங்கி ஒண்ணு கொடுத்தா, ஒண்ணைத்தான் பிடிக்கத் தெரிஞ்சுதுன்னு எங்க ராஜாவுக்கு அவமானம் இல்லையா?"

செங்கமலம் தங்கையைப் பார்த்தாள். கன்னத்தில் சந்தனம் காயவில்லை. பெற்றவள் இல்லாத பெண்ணைத் தனியே பிரசவ வலிக்கு விட்டுவிட்டு எப்படிப் போவது? பிறகு அவள் விரலை நீட்டினாள்.

"என்னை மட்டும் பிடிச்சா ஆச்சா? இதோ நிக்கிறாளே, இவதான் எனக்குத் தலைவி. எல்லாம் இவ சொல்லித்தான் செஞ்சேன்."

அறை அதிர்ந்தது. ரஞ்சிதத்தின் முகம் வெளிறியது. இத்தனை காலம் ஒழுங்காகக் குடித்தனம் செய்து, அண்டை அயலில் நல்ல பெயர் எடுத்தவள். "அக்கா, நீயா என்னைக் காட்டிக்கொடுக்குற?" என்று கேட்டபோது அவள் குரல் உடைந்தது.

செங்கமலம் தங்கையின் வயிற்றையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்ன வயதில் பலாச்சுளை திருடும்போது, ஓடு என்பதற்கு இப்படித்தான் பார்ப்பாள். ரஞ்சிதத்துக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. உடனே மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஆமா, நான்தான் தலைவி" என்றாள். "உங்க ராஜா குறட்டை விடுறதுகூட அங்க போயிருச்சு."

கழுதைப்புலிக்குப் போன சிரிப்பு திரும்பி வந்தது. தலைவியே கிடைத்துவிட்டாள் என்று ராஜா அதற்குப் பதவி உயர்வு கொடுத்தது.

மறுநாள் வாத்தியம் முழங்க இரண்டு உளவாளிகளையும் கப்பலில் ஏற்றினார்கள். கேப்டன் நாரை, "பயணிகளே, இடதுபுறம் பாருங்கள், அசல் உளவாளிகள்!" என்று அறிவித்தது. மூன்று துறைமுகத்தையும் தூரத்திலிருந்தே பார்த்து முடித்த பயணிகள், இதையாவது கிட்டத்தில் பார்த்தோமே என்று ஓடி வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வைரவன் மட்டும் மைத்துனிக்கு என்று ஒளித்து வைத்திருந்த போண்டாவை எடுத்து நீட்டினார்.

கரையில் சோலையப்பன் வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நானும் உளவாளிதான்! என்னையும் அனுப்புங்க!" என்று கத்தினார்.

"இடமில்லை. அவங்க ரெண்டு, நாம ரெண்டு, சரியாப் போச்சு" என்றது கழுதைப்புலி.

"அப்ப பிள்ளையைப் பார்க்க நான் எப்படிப் போறது?"

கழுதைப்புலி இரக்கத்தோடு அவர் தோளைத் தட்டியது, முள் குத்தியதில் கையை உதறிக்கொண்டது. "பிள்ளை பிறந்ததும் சொல்லி அனுப்புறேன். அதுக்குள்ள ஏதாவது நல்ல துரோகமாப் பார்த்துச் செஞ்சு வைங்க."

நீதி: நாடுகள் சண்டை போடும் காலத்தில் நல்ல பெயர் எடுத்தவருக்குப் போண்டா மட்டுமே கிடைக்கும், கரையேற வேண்டுமானால் குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், கூடப்பிறந்தவள் மேல் உண்மையான பாசம் இருந்தால் அவளையும் காட்டிக்கொடுங்கள்.