எஸ்தரூ... சாவி!

தன் பெட்டியைத் தானே திறக்க முடியாத ஆண்பிள்ளை மலாக்காவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் எதிர்வீட்டில்தான் குடியிருந்தார். தையற்காரர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவென்று எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் யாருக்கும் நினைவில்லை. ‘ரெட்டைப்பூட்டு’ என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும்.

அவருடைய கல்யாணத்தன்று பாதிரியார், “இனிமேல் உன் காசு, என் காசு என்ற பேச்சே உங்களுக்குள் வரக்கூடாது” என்று புத்தி சொல்லியிருக்கிறார். எல்லா மாப்பிள்ளைகளும் தலையாட்டிவிட்டு மறந்துபோகிற விஷயம். இந்த மனுஷர் மறுநாளே ஒரு தகரப்பெட்டி வாங்கி, அதில் இரண்டு பூட்டு மாட்டிவிட்டார். ஒரு சாவி அவர் இடுப்பில். இன்னொன்று எஸ்தர் அக்காவின் கழுத்தில், சிலுவைத் தாலியோடு. உப்பு வாங்கக்கூட இருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும். “எஸ்தரூ... சாவி!” என்று அவர் போடும் சத்தத்தில் எங்கள் வீட்டுக் கோழி அலறியடித்துக்கொண்டு கூரையேறும். என் வீட்டுக்காரர் சம்பளத்தை எங்கே ஒளிக்கிறார் என்று நான் அரிசிப்பானை வரைக்கும் துழாவிக்கொண்டிருந்த காலம் அது. எனக்குப் பொறாமையாக இருக்காதா?

ஜப்பான்காரன் வந்தான். கூடவே அவன் அச்சடித்த, வாழைமரம் போட்ட நோட்டும் வந்தது. போகப் போக, கோணி நிறைய நோட்டு கொண்டுபோனால் கை நிறைய மரவள்ளிக்கிழங்கு கிடைக்கும் என்று ஆனது. ஊரே குஷியாகப் பழைய கடன்களை அடைக்கக் கிளம்பிவிட்டது! நல்ல காசில் வாங்கிய கடனை இந்தக் காகிதத்தில் கட்டலாமே. வாங்க மாட்டேன் என்றால் ஜப்பான்காரனிடம் உதை விழும். ஆகவே கடன் கொடுத்தவர்கள் ஓடினார்கள், வாங்கியவர்கள் துரத்தினார்கள்.

ரெட்டைப்பூட்டுக்குத் தையல் மிஷின் வாங்கக் கடன் கொடுத்தவர், பண்டார் ஹிலிரில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர். ஒருநாள் இவர் கடைப்பக்கம் வருவதைப் பார்த்ததும் ராவுத்தர் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தார். இவர் விடுவாரா? ஆற்றங்கரை வரைக்கும் துரத்திப் பிடித்துவிட்டார்.

“வேணாம்ப்பா! உன் காசு எனக்கு வேணாம்!”

“ஐயோ, ஓடாதீங்க ராவுத்தரே! நான் கட்ட வரல!”

“பின்ன எதுக்குய்யா இந்தத் துரத்து துரத்துற?”

“இந்தக் காகிதத்துல கட்டமாட்டோம்னு சொல்லிட்டுப் போகத்தான்! எஸ்தரும் அதையேதான் சொல்றா. சண்டைக்கு முந்தி சேர்த்த வெள்ளைக்கார ராஜா தலை நோட்டு, பாதிக் கடனுக்குப் பெட்டியில இருக்கு. இப்பவே தந்துடவா?”

“ஜப்பான்காரனுங்க என் கடையைத் தினம் சோதனை போடறானுங்க, ராஜா தலையைப் பார்த்தா என் தலை போயிடும். அது உன்கிட்டயே இருக்கட்டும். முதல்ல என்னை மூச்சுவிட விடு.”

அப்புறம் எஸ்தர் அக்காவுக்கு மலேரியா வந்தது. குளிரில் கட்டிலே ஆடும். ஒருநாள் பூராவும் எதிர்வீட்டில் ‘சாவி’ என்ற சத்தமே இல்லை, என்னவென்று பார்க்க ஓடினேன். கொய்னா மாத்திரை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே, “வாழைமரம் வேண்டாம், ராஜா தலை இருந்தால் வா” என்று சொல்லிவிட்டார். ராஜா தலை பெட்டியில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சாவி அக்காவின் கழுத்தில், அதை அவள் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“சாவியக் குடு எஸ்தர்.”

“அது நம்ம காசு இல்லங்க.”

“உசிரு போயிடும்டி!”

“போனாலும் பரவால்ல. அதுல கை வைக்கக்கூடாது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓடிப்போய்ச் சுத்தியல் கொண்டுவந்து நீட்டினேன். “உடைங்கண்ணே!” என்றேன். அவர் சுத்தியலை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு பொலபொலவென்று அழுதார். “அவ சம்மதிக்காம எப்படிம்மா?” என்றார். இப்படியும் ஒரு பைத்தியக்கார ஜோடி உண்டா! சுத்தியலை என்னிடமே கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

இந்த முறை ராவுத்தர் ஓடவில்லை. சைக்கிள் பின்னால் உட்கார்ந்து கூடவே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி கேட்டார்.

“ஏம்மா, பெட்டிக்குள்ள இருக்கறது யார் காசு?”

“உங்க காசு.”

“என் காசை நான் எதுக்கு வேணும்னாலும் செலவு பண்ணுவேன். இப்ப கொய்னா வாங்கப் போறேன். சாவியைக் குடு.”

அந்தக் காய்ச்சலிலும் அக்கா யோசித்தாள். “அப்ப எங்க கடன் குறையாம அப்படியே இருக்கும். சரின்னா தரேன்.”

“சரி தாயி! அல்லா மேல ஆணையா, உன் கடன் அப்படியே இருக்கு!”

அக்கா சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். ராஜா தலை அத்தனையும் தவுக்கே கைக்குப் போய், அக்கா பிழைத்தாள்.

சண்டை முடிந்து வாழைமர நோட்டு குப்பைக்குப் போன பிறகு, இருவரும் விடிய விடிய மிஷினை மிதித்து ராவுத்தர் கடனை முழுசாக அடைத்தார்கள். அடைத்த அன்று பெட்டி சுத்தமாகக் காலி. அப்போதும் இரண்டு பூட்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

“காலிப் பெட்டிக்கு எதுக்கண்ணே ரெண்டு பூட்டு?” என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ படுத்துக் கிடந்தப்ப, கூப்பிட்டா எழுந்து வர ஆளில்லம்மா. இப்ப கூப்பிட்டா வர்றா. பூட்டைக் கழட்டிட்டா நான் எதைச் சொல்லிக் கூப்பிடுறது?”

சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, “எஸ்தரூ... சாவி!” என்று ஒரு சத்தம் போட்டார். ஒன்றுமில்லாத பெட்டியைத் திறக்க அக்கா மாவுக்கையோடு சிரித்துக்கொண்டே வந்தாள். எங்கள் கோழி வழக்கம்போல் கூரையேறியது. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.