கறுப்புக் கிடாய்க்குப் பின்னால் ஒரு டார்ச்

சூரியன் செய்கிற வேலையிலேயே குறை கண்டுபிடித்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, எங்கள் டார்ச் அக்காதான். ஒருநாள் உச்சி வெயிலில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இப்படி மண்டைக்கு நேரா நின்னுக்கிட்டு அடிச்சா எல்லாருக்கும் கண்ணு குழியாத்தான் தெரியும். கொஞ்சம் எறங்கி சைடுல வந்து நின்னா என்னவாம்?" என்று சத்தமாகவே கேட்டார். பக்கத்தில் நின்ற இளநீர்க்காரர் எதற்கு வம்பு என்று தன் வண்டியைத் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

உரக்கடை மாடியில் எங்கள் அனிமேஷன் ஆபீஸ். முதலாளியோடு சேர்த்து ஆறு பேர். குழந்தைகளுக்குக் கார்ட்டூன் செய்வோம். கம்ப்யூட்டருக்குள் ஆளையும் ஆட்டையும் மரத்தையும் உருவாக்குவது என் வேலை. அவற்றுக்கு வெளிச்சம் வைப்பது அக்காவின் வேலை. இண்டூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பையில் சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் மறப்பார், எவர்சில்வர் டார்ச்சை மறந்ததே இல்லை.

கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டினால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் அதற்குள் சூரியனும் கிடையாது, நிலாவும் கிடையாது. நான் மூன்று மாதம் உட்கார்ந்து செய்த உருவம் கும்மிருட்டில் கிடக்கும். அக்கா வந்து முகத்துக்கு ஒரு விளக்கு, நிழலின் கடுமையைக் குறைக்க எதிர்ப்பக்கம் மங்கலாக இன்னொன்று என்று வைத்ததும் அது மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். என் பொம்மைதான், என் கண்ணாலேயே நம்ப முடியாது.

இந்தக் கலைக்கு நாங்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. முதலாளி பூரியை வாயில் வைக்கும் நேரம் பார்த்து அக்கா அவர் மோவாய்க்குக் கீழிருந்து டார்ச் அடிப்பார். "அசையாதீங்க சார், ராட்சசனுக்கு இந்த மூஞ்சிதான் வேணும்." ஒருமுறை ஓடுகிற பஸ்ஸில், "அண்ணா, அப்படியே நில்லுங்க, கன்னத்துல வெயில் முக்கோணமா விழுது" என்று கண்டக்டரை நிறுத்திவிட்டார். அந்த மனுஷனும் சிலையாக நின்றார். இரண்டு ஸ்டாப் விசில் இல்லாமலே போய்விட்டன.

அப்போதுதான் கிடாய் விவகாரம் வந்தது. முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட கறுப்புக் கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பென்னாகரம் காட்டுக்குள் ஓடுகிற கதை. எங்கள் வீட்டில் முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டால் ஒரு வெள்ளை முடிகூட இல்லாத கிடாயாகத்தான் தேடுவார்கள். நானும் அப்படியே செய்திருந்தேன். படத்தைச் செய்யச் சொல்லியிருந்த பெங்களூர் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "காட்டுக்குள்ள ஆடே தெரியல. ரெண்டு கண்ணு மட்டும் ஓடுது. வெள்ளிக்கிழமைக்குள்ள வெள்ளையா மாத்துங்க. இல்லன்னா படமே வேண்டாம்."

"ஒரு க்ளிக்குதானப்பா, மாத்திடு" என்றார் முதலாளி.

எனக்குக் கை போகவில்லை. காரணத்தை அக்காவிடம் மட்டும் சொன்னேன். அதற்கு முந்தின மாதம்தான் பெண் பார்க்கப் போயிருந்தோம். போட்டோக் கடைக்காரர் என் படத்தை வெளுவெளு என்று வெளுத்துக் கொடுத்திருந்தார். அவர்கள் வீட்டு மிக்சரில் பாதித் தட்டை நான் காலி செய்த பிறகு, பெண்ணின் அப்பா என் அம்மாவிடம் மரியாதையாகக் கேட்டார்: "மாப்பிள்ள வரலீங்களா?"

அக்கா சிரிக்கவில்லை. "கிடா கறுப்பாத்தான் இருக்கும் தம்பி. நான் பாத்துக்கறன்" என்றார்.

பார்த்துக்கொண்ட அழகு முதல் இரண்டு நாள் படு மோசம். முன்னாலிருந்து விளக்கு மேல் விளக்காக வைத்தார். கிடாய் சாம்பலில் புரண்டு வந்தது போல் நின்றது. புதன்கிழமை சாயங்காலம், "நெசமான ஆட்டப் பாக்காம உக்காந்துருக்கம் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினார். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு கிடாய். அட்டைக் கறுப்பு. உரக்கடைக்காரர் விற்பனைக்கா என்று விசாரித்தார். மாடிப்படியில் அதை நான் முன்னால் இழுக்க, முதலாளி பின்னால் தள்ளினார். மேலே வந்ததும் கதையின் கடைசிக் காட்சி வரைந்த தாள்களைத் தின்றுவிட்டு, மேற்கொண்டு ஏதாவது உண்டா என்று பார்த்தது.

உரச்சாக்குகளை வைத்து ஜன்னல்களை அடைத்தோம். இருட்டில் அக்கா முன்னாலிருந்து டார்ச் அடித்தார். இரண்டு கண்கள், அவ்வளவுதான். பிறகு அதன் பின்னால் போய் நின்று, கையை உயர்த்தி மறுபடி அடித்தார்.

கொம்பில் ஒரு வெள்ளிக் கோடு எழுந்தது. காதோரம் இறங்கி, முதுகு முழுக்க ஓடி, வால் நுனியில் முடிந்தது. ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அது கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை கம்பீரமான ஒரு ஆட்டை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. முதலாளி தன்னையறியாமல், "முனியப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இருட்டுக்குள்ளிருந்து அக்கா குரல் வந்தது. "வெளக்க எங்க வெக்கறதுன்னு நமக்குத் தெரியலன்னா, அது ஆட்டு மேல குத்தமா சார்?"

மறுநாளே காட்சி தயார். மரங்களுக்குப் பின்னால் சாயங்கால வெயில், அதற்கு முன்னால் ஓரமெல்லாம் ஒளிர ஓடுகிற கறுப்புக் கிடாய். பார்த்து முடித்ததும் பெங்களூர்க்காரர் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "ஆட்ட மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றார் அக்கா. "சூரியன மாத்திட்டம்."

சொல்ல மறந்துவிட்டேன். வியாழக்கிழமை கிடாயைக் கீழே இறக்குவதற்கு முன் அக்கா, "நீ வா, அங்க நில்லு" என்று அது நின்ற இடத்திலேயே என்னை நிறுத்தினார். ஒரு சாக்கை லேசாக விலக்கி முகத்துக்குப் பக்கவாட்டு வெயிலை விட்டார். டார்ச்சை முதலாளி கையில் கொடுத்து என் முதுகுக்குப் பின்னால் நிற்க வைத்தார். தன் போனில் ஒரே ஒரு படம் எடுத்தார். அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதாண்டா என் புள்ள" என்றாள்.

அடுத்த வரன் ஏரியூர். அந்தப் படத்தைத்தான் அனுப்பினோம். வாசலில் கால் வைத்ததுமே, "வாங்க மாப்பிள்ள" என்று நேராக என்னிடம் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அண்ணாந்துகொண்டேன்.

அக்கா இப்போது ஹைதராபாத்தில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். வீடியோ காலில் வந்தால் நலம்கூட விசாரிக்க மாட்டார். "தம்பி, பின்னால வெளிச்சம் இருக்குதா?" என்பதுதான் முதல் கேள்வி.

இருக்குதுக்கா. அன்னைக்கு நீங்க வெச்சது, இன்னும் அணையல.