வேப்பிலையைப் பத்திரமாகக் கொண்டுபோனவன்

என் மனைவியின் மறதிக்கு நான் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். எண்பத்தைந்து வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

மனோன்மணிக்கு அப்போது எட்டாம் மாதம். தலைப்பிள்ளை. நான் கார்வேட்டிநகரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டது, சாவியை அரிசிப் பானைக்குள் வைத்தது என்று தேதிவாரியாகப் பதினேழு குறிப்புகள். (விடைத்தாள் திருத்தும் சிவப்பு மையில்!) அதைத் திருப்பதி டாக்டரம்மாவிடம் காட்டி மருந்து வாங்குவது என் திட்டம்.

பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். புத்தூரில் வண்டி நின்றதும் அவளுக்குக் குமட்டியது. கர்ப்பிணிகள் வெளியூர் போனால் காத்து கருப்பு அண்டாமலிருக்கக் கையில் வேப்பிலை வைத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இறங்கி என் ஜன்னலோரம் வந்து அந்தக் கொத்தை நீட்டினாள்.

"மூஞ்சி கழுவிக்கினு வந்துடறேன். இத வெச்சிக்கினு இருங்க. நான் எங்கனா வெச்சிட்டு மறந்துடுவேன்."

"நான் மறக்கமாட்டேன், போ" என்றேன் பெருமையாக.

அப்போது என் பக்கத்தில் நகரிக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஆந்திரா பிரிந்து சில வருடங்களாகியும், எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற பேச்சு ஓயாத காலம் அது.

"புத்தூரு ஆந்திராக்காரங்களுக்கே இருக்கட்டுமே வாத்தியாரே, இன்னா கெட்டுப்போச்சு?" என்றார்.

விடுவேனா? சரித்திரம், கல்வெட்டு என்று பிடித்துக்கொண்டேன். புத்தூரை ஒருநாளும் விட்டுக்கொடுக்க முடியாது என்று நான் முழங்கிக்கொண்டிருந்தபோதே பஸ் கிளம்பிவிட்டது.

இடையிடையே முன்வரிசையை எட்டிப் பார்க்காமல் இல்லை. பச்சைப் புடவை, கொண்டையில் கனகாம்பரம். இருக்கிறாள் என்று திருப்தி. (அன்று அவள் கட்டியிருந்தது அரக்குப் புடவை. வாங்கிக்கொடுத்தவனே நான்தான்.)

திருப்பதியில் பச்சைப் புடவை எழுந்து திரும்பியது. என் அத்தை வயதில் யாரோ ஓர் அம்மாள்.

"ஏம் சாமீ, ரெண்டு டிக்கெட்டு வாங்கினீங்களே, அம்மா எக்கட?" என்று கண்டக்டர் தேடினார்.

எங்கே என்று சொல்வது? என் கையில் வேப்பிலை மட்டும் ஓர் இலைகூட உதிராமல் இருந்தது.

நகரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். "புத்தூர வுடமாட்டேன்னு சண்ட போட்டீங்க, சம்சாரத்த வுட்டுட்டு வந்துட்டீங்களே!"

அடுத்த பஸ்ஸில் திரும்பி ஓடினேன். எட்டு மாதக்காரி. தெரியாத ஊர். பையும் தண்ணீர்ச் செம்பும்கூட என்னிடம். வலி எடுத்துவிட்டால்? அன்று வழிநெடுக நான் கும்பிடாத சாமி இல்லை.

புத்தூர் பஸ் நிலையத்தில் ஒரு பூக்காரம்மாவின் சாக்கில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. பூக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மறதிக்கு மருந்து வாங்கப் போறோம்னியே, யாருக்கும்மா, இவருக்கா?"

மனோன்மணி என் கையைப் பார்த்தாள்.

"வேப்பல பத்திரமா?" என்று கேட்டாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி திருப்பதி போனேன். டாக்டரம்மா என் பட்டியலை முழுவதும் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ராத்திரி தூங்கறாளா?" எனக்குத் தெரியவில்லை. பதினேழு குறிப்புகளில் அது இல்லை. தலைகுனிந்து எழுந்து வந்தேன். நாற்காலியில் நான் விட்டுவந்த குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள் அவள்.

பல வருடம் கழித்து, டாக்டரான என் பேத்தியிடம் கர்ப்பிணிகளின் மறதியைப் பற்றி விசாரித்தேன்.

"சில ஆராய்ச்சில ஞாபகம் கொஞ்சம் குறையுதுன்னு வருது, சிலதுல பெரிசா வித்தியாசமே தெரியல தாத்தா. தூக்கமில்லாதது, கவலை, ஹார்மோன் எல்லாம் சேர்ந்து இருக்கலாம். மூளையிலயும் மாற்றம் வருது. அது கொழந்தைய பாத்துக்கத் தயாராகறதுன்னு நெனைக்கறாங்க. புத்தி மழுங்கறதில்ல."

"அப்போ புருஷனுக்கு வர்ற மறதி?"

"அதுக்குக் கர்ப்பம் காரணமில்ல தாத்தா."

இப்போது மனோன்மணிக்கு நிஜமாகவே மறதி வந்துவிட்டது. மகனைப் பேரன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். சாப்பிட்டுவிட்டு, சாப்பிடவில்லை என்கிறாள். நான் எதையும் எழுதி வைப்பதில்லை. கேட்டதையே கேட்டாலும் முதல்முறை கேட்டதுபோலப் பதில் சொல்கிறேன்.

ஆனால் குடும்பமாகக் காரில் ஏறிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால் போதும். வீட்டில் கேலியாக நிலைத்துவிட்ட அந்தக் கேள்வியைப் பேரப்பிள்ளைகள் கேட்டு முந்திக்கொள்வதற்குள் அவளே கேட்டுவிடுகிறாள்:

"வேப்பல பத்திரமா?"

பக்கத்தில் இருப்பது அவள் கைதானா என்று ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான், "பத்திரம்" என்கிறேன்.