லாஷிங்காரர் எனக்குத் தராத பெட்டி

எங்கள் தீவின் டாலிகஞ்சில் எந்தக் காற்றுக்கும் பறக்காத ஒரே மனிதர் லாஷிங்காரர்தான். உடம்பு கனமா என்றால், இல்லை. ஊதினால் சாய்கிற ஆள். ஆனால் காசிம் பாயின் டீக்கடைக்கு வந்தால், இடுப்பில் சுற்றியிருக்கும் கயிற்றை எடுத்து, பெஞ்சுக் காலில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் "பாய், ஒரு சாய்" என்பார்.

"அரே பாய், என் பெஞ்ச் எங்கேயும் ஓடாது" என்பார் காசிம் பாய்.

"ஓடின பிறகு சொல்லி என்ன ஃபாய்தா?"

ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், அவருக்கு அதுதான் வேலை. தீவுகளுக்குப் போகிற படகுகளில் ஏற்றும் அரிசி மூட்டை, டின் ஷீட், எருமை மாடு எல்லாவற்றையும் அலையில் உருளாமல் இறுக்கிக் கட்டுவது. லாஷிங் என்பார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. தண்ணீர் டிரம்மைக் கட்டுவார். ஆட்டை முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு போட்டுக் கட்டுவார். வீட்டுக் கூரையை இரண்டு தென்னை மரங்களோடு கட்டியிருந்தார். காற்றடித்தால் மரம் ஆடும், வீடும் கூட ஆடும். "பார்த்தியா, எவ்வளவு கெட்டி!" என்று உள்ளேயிருந்து கத்துவார்.

இந்தக் கயிற்றுப் பைத்தியம் பிடித்தது கப்பலில். மெயின்லேண்டிலிருந்து நாங்கள் குடும்பம் குடும்பமாக வந்த அதே கப்பல். சட்டி பானையோடு எங்கள் ஊர்த் தெருக்கூத்துச் சாமான்களும் வந்தன. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடங்கள், புஜகீர்த்திகள், மார்ப்பதக்கங்கள். கர்ணன் கிரீடம் இருந்த பெட்டியை நடுக்கடல் வரை யாரும் கட்டவில்லை. லாஷிங்காரர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுக்க எழுந்து கம்பி ஓரம் போனார். அவர் ஒரு பக்கம் குனிய, கப்பல் மறுபக்கம் குனிய, பெட்டி கடலில்.

இந்தத் தீவில் அப்படி ஒரு கிரீடம் செதுக்க ஆள் கிடையாது. அன்று முதல் எங்கள் கூத்தில் கர்ண மகாராஜா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வந்தார். வங்காளிகளும் தெலுங்கர்களும் பார்க்க வருவார்கள். "இந்த ராஜாவுக்கு மட்டும் ஏன் டோப்பி இல்லை?" என்று கேட்டால், "தர்மம் பண்ணிட்டார்" என்று சமாளிப்போம். எல்லோரும் சிரிப்பார்கள், லாஷிங்காரர் மட்டும் சிரிக்க மாட்டார்.

இனி என்னைப் பற்றி. நான் துரியோதனன். கூத்துக்கு வாத்தியாராக இருந்தவர் என் அப்பா. அவர் போன பிறகு பதினெட்டு நாள் பாட்டும் வசனமும் முழுதாகத் தெரிந்தவன் தீவிலேயே நான் ஒருவன்தான். எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. பாஞ்சாலி அடி மறந்தால் நான் எடுத்துக் கொடுப்பேன். என்னைக் கொல்ல வருகிற பீமனுக்கும் என்னைத் திட்ட வேண்டிய வசனத்தை நானே சொல்லிக் கொடுத்துவிட்டுச் சாவேன். ஆகவே டாலிகஞ்சில் கைதட்டல் என்றால் அது எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

அதில் மண்ணைப் போட்டது லாஷிங்காரரின் விசில்.

ஒரு வெயில் காலத்தில் அவருக்குத் திடீரென்று கவலை வந்துவிட்டது. ஓடைக்குப் பக்கத்தில் எங்கள் கூத்துக் கொட்டகை. தூஃபான், புயல் வந்தால் மிச்சக் கிரீடமும் போய்விடும். "ஒத்திகை பார்க்கணும்" என்றார். தினமும் பார்க்கிறோமே என்றேன். "அது ஆடுற ஒத்திகை. நான் சொல்றது ஓடுற ஒத்திகை."

ஆளுக்கு ஒரு சாமான். விசில் ஊதினால் தன் சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். மத்தளம் காசிம் பாய்க்கு. பாஞ்சாலியின் சேலைப் பெட்டி, பாஞ்சாலியாக வேஷம் கட்டும் மீசைக்காரத் தங்கவேலுவுக்கு. கர்ணன் வேஷக்காரனுக்குப் பெட்ரோமாக்ஸ். என் துரியோதனன் கிரீடம்? என் பெண்டாட்டி கௌரிக்கு!

"எனக்கு?" என்றேன்.

"நீ ஒண்ணும் தூக்க வேணாம். சும்மா நில்லு."

"அண்ணே, ராஜா நான். என் கிரீடத்தை என் பொண்டாட்டி தூக்கிட்டு ஓடுறதா?"

"துரியோதனா, பதறுறவன் கையில பொருள் கொடுக்கக் கூடாது."

டீக்கடையே சிரித்தது. அதற்கு முந்தின மழையில் லேசாகப் பூமி அதிர்ந்தபோது, நான் வேலை பார்த்த ஆபீசிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஏன் நாற்காலி என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அது பெரிய துரையின் நாற்காலி. அவர் அதில் உட்காரப் போய்க்கொண்டிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அதற்காக எனக்கு ஒரு சலங்கைகூடவா கிடையாது? வயிறு எரிந்தது. வீட்டிலும் நிம்மதி இல்லை. லாஷிங்காரர் சொல்லிக் கொடுத்த முடிச்சைத்தான் கௌரி கொடிக் கயிற்றுக்கும் போட்டாள், அரிசி மூட்டைக்கும் போட்டாள். ஒரு நுனியை இழுத்தால் பூ மாதிரி அவிழும். வேறு எதை இழுத்தாலும் இறுகும். நான் எப்போதும் வேறு எதையோதான் இழுப்பேன். "அண்ணன் கையில என்ன வித்தைங்க!" என்பாள். பதினெட்டு நாள் பாரதம் என் வாயில் இருக்கிறது. அதை ஒரு நாள் வித்தை என்று சொன்னாளா?

உச்சக்கட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முழு வேஷத்தில் பகல் ஒத்திகை. தெருவே உட்கார்ந்து பார்க்கிறது. கிரீடத்தை இன்னும் கட்டவில்லை, சும்மா தலையில் வைத்திருந்தேன். சபையில் எழுந்து, கத்தியை ஓங்கி, மூச்சை இழுத்து உறுமப் போகிற நேரம், விசில்! கௌரி மேடை ஏறினாள், என் தலையிலிருந்து கிரீடத்தைப் பிடுங்கினாள், ஓடினாள். பாஞ்சாலி சேலைப் பெட்டியோடு ஓடினாள். சபை ஓடியது, சனமும் ஓடியது. மேட்டிலிருந்து கைதட்டல் கேட்டது. அவருக்கு!

நான் ஓங்கிய கத்தியோடு தனியாக நின்றேன். லாஷிங்காரர் மட்டும் பக்கத்தில் நின்று, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, என் இடுப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எருமையைப் படகில் ஏற்றும்முன் அப்படித்தான் பார்ப்பார்.

"என்ன பார்க்கறீங்க?"

"போன மாசத்துக்கு இப்ப பெருத்துட்டே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றே முடிவு செய்தேன். நிஜமாகவே காற்று வந்தால், கௌரிக்கு முன்னால் அந்தக் கிரீடப் பெட்டியை நான் தூக்கிவிடுவேன்.

காற்று வந்தது. திருவிழாவுக்குச் சில நாள் முன்பு, மதியம், ஒத்திகையின் நடுவே வானம் கரியாகி, கொட்டகையின் டின் ஷீட் படபடவென்று அடித்தது. ஓடைத் தண்ணீர் உள்ளே ஏறியது. விசில். நான் பாய்ந்தேன். பெட்டி தூணோடு கட்டியிருந்தது, அவர் முடிச்சு. இழுத்தேன், இறுகியது. பல்லால் கடித்தேன், இன்னும் இறுகியது. "நகருங்க" என்று கௌரி ஒரு விரலால் நுனியைச் சுண்டினாள். பெட்டி அவள் இடுப்புக்கு ஏறியது. போய்விட்டாள்.

ஒரு டின் ஷீட் பிய்ந்து என் தலைக்கு மேல் பறந்தது. அவ்வளவுதான். துரியோதன மகாராஜா தூணைக் கட்டிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். கால் வரவில்லை. குரல் மட்டும் வந்தது. பயத்தில் பாஞ்சாலியின் பாட்டை, கிருஷ்ணனைக் கூப்பிடுகிற பாட்டை, உச்ச ஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தேன். துரியோதனனைக் காப்பாற்றக் கிருஷ்ணன் வருவானா என்கிற யோசனைகூட எனக்கு இல்லை.

வந்தவர் லாஷிங்காரர். என் இடுப்பில் கயிறு விழுந்தது, முடிச்சு விழுந்தது. மறுமுனை அவர் இடுப்பில் ஏற்கெனவே இருந்தது.

"சலோ! விடு தூணை!"

"நான் வரலைண்ணே!"

"நீ வராம எப்படிடா? பாடிக்கிட்டே வா! நிறுத்தாதே!"

அந்த ஒல்லி உடம்பு என்னை மேடு வரைக்கும் இழுத்துப் போனது. எங்கள் பின்னால் கொட்டகை மடங்கி ஓடையில் விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை, பாடிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் எல்லோரும் நனைந்து நடுங்கி நின்றார்கள். அவர் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் கூப்பிட ஆரம்பித்தார்.

"மத்தளம்?"

"இங்கே ஹை" என்றார் காசிம் பாய்.

"சேலைப் பெட்டி? புஜகீர்த்தி? தங்கச்சி, கிரீடம்?"

"இருக்குண்ணே."

பிறகு என் பக்கம் திரும்பினார். கயிறு இன்னும் என் இடுப்பில்தான்.

"சூதாட்டப் பாட்டு?"

எனக்குப் புரியவில்லை. கௌரி என் முதுகில் கை வைத்து, "பாடுங்க" என்றாள். பல் கிட்டிக்கொள்ள இரண்டு அடி பாடினேன்.

"அபிமன்யு சண்டை?"

பாடினேன்.

"கர்ணன் சாகிற பாட்டு?"

அதைப் பாடும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி அடி வரை கேட்டார். முகத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, நுனியைச் சுண்டி என் முடிச்சை அவிழ்த்தார்.

"சரி. எல்லாம் வந்துடுச்சு" என்றார்.

அந்த வருஷக் கூத்தைப் பள்ளிக்கூடத் திடலில் ஆடினோம். கர்ணன் வழக்கம்போலத் துண்டோடு வந்தான்.

சில வருஷம் கழித்து, தெற்கே கடைசித் தீவில், கேம்பல் பேயில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களைக் குடியேற்றியபோது, ஜெட்டி வேலைக்கு லாஷிங்காரரும் போனார். போகும்போது அந்தக் கயிற்றைக் கௌரியிடம் கொடுத்தார், என்னிடம் கொடுக்கவில்லை. வானம் இருண்டால் அவள் அதைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வைப்பாள். என் இடுப்புக்கு இப்போது அது எட்டாது. இருந்தாலும் அவள் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.

கேம்பல் பேயில் காற்று அதிகமாம். அங்கேயும் பாட்டுத் தெரிந்த ஒருவன் கிடைத்திருப்பான், தினம் அவன் இடுப்பை அவர் அளவு பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.