உல்லன் சாரும் மாடிப்படிக்குக் கீழே ஒரு விலங்கியல் துறையும்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எந்தப் பயணி எங்கே நிற்க வேண்டும் என்று கண்டக்டருக்கே வகுப்பு எடுத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறைத் தலைவர். அந்தத் துறையின் ஒரே ஆசிரியரும் அவரேதான்.

“அரியலூர் வரைக்கும் போறவங்கள்லாம் ஓரமாப் போயி ஒட்டி உக்காருங்க. அடுத்தடுத்த ஸ்டாப்புல எறங்குறவங்க நடுவுல லூசா நில்லுங்க. உங்க உடம்புல ஒவ்வொரு செல்லும் இதத்தான் செய்யுது” என்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கண்டக்டர் ஒருநாள், “செல்லு கெடக்கட்டும் சார், நீங்க எங்க எறங்கணும்?” என்று கேட்டார். சார் ஜன்னல் வழியே பார்த்தார். காலேஜைத் தாண்டி இரண்டு ஸ்டாப் ஆகியிருந்தது.

அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் உல்லன் சார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஒரு உல்லன் நூல் கண்டு இருக்கும். முதல் வகுப்பில் அதிலிருந்து இரண்டு மீட்டர் நூலை இழுத்து நீட்டுவார். இன்னொரு கையில் ஒற்றைக் கடுகு.

“இந்தக் கடுகுக்குள்ள நியூக்ளியஸ் லட்சக்கணக்குல அடங்கும். அந்த ஒவ்வொண்ணுக்குள்ளயும் இம்புட்டு நீளத்துக்கு டி.என்.ஏ. நூல் இருக்கு. சிக்காம இருக்கு! உங்க வூட்டுல ஒரு கண்டு நூல் ஒரு வாரம் சிக்காம இருந்திருக்கா?”

நூல் சிக்காமல் இருப்பதற்குக் காரணம், அது ஹிஸ்டோன் என்கிற புரத மணிகள் மேல் சுற்றிச் சுற்றி வைக்கப்பட்டிருப்பது. அந்தக் கட்டுமானத்துக்கு குரோமாட்டின் என்று பெயர். மணிகளுக்குப் பதிலாக அவர் சொந்த ஊரான உடையார்பாளையத்திலிருந்து வறுத்த முந்திரி கொண்டுவருவார். வகுப்பு முடியும்போது நூல் இருக்கும், மணிகள் இருக்காது. “ஹிஸ்டோனைத் தின்னுபுட்டு என்னம்மா படிப்பீங்க?” என்று அலறுவார். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டுவருவார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், நான் அந்தக் கல்லூரியின் நூலகர். என் நூலகத்துக்கு அடுத்த அறையில் அவர் வகுப்பு எடுப்பார். அவர் குரல் சுவரையெல்லாம் மதிக்காது.

நான் ஒழுங்கைக் கும்பிடுகிற ஆள். ஒரு புத்தகம் தன் எண்ணை விட்டு ஓர் அங்குலம் நகர்ந்திருந்தாலும் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட என் நூலகத்தில், ஒரு திங்கட்கிழமை காலையில் நான் நடந்து வந்தபோது கழுத்தில் ஏதோ மாட்டியது. பார்த்தால் உல்லன் நூல். வேதியியல் அலமாரியிலிருந்து கிளம்பி, அகராதிகளைத் தொட்டு, கடைசி மூலையில் இருந்த மண்புழுப் புத்தகம் வரை போயிருந்தது.

“என்ன சார் அநியாயம் இது?”

“லைப்ரரி சார், அசையாதீங்க! இன்னைக்கு பிராக்டிகலுக்கு இந்த மூணும் ஒண்ணா வேணும். நூலை இழுத்தா மூணும் வளைஞ்சு பக்கத்துல வந்துரும்.”

“நம்பர் வரிசை என்னத்துக்கு ஆகுறது?”

“வரிசையில எவன் கை வெச்சான்? வரிசை அப்படியே இருக்கு. மடிப்புதான் மாறியிருக்கு. நூல்ல எங்கேயோ தூரத்துல இருக்கிற ரெண்டு துண்டு, செல்லுக்குள்ள வளைஞ்சு வந்து ஒட்டி நின்னாத்தான் சார் சில ஜீன் வேலையே செய்யும்” என்று சொல்லிவிட்டு நூலைச் சுண்டினார். மூன்று புத்தகங்களும் வரவில்லை. அலமாரி வந்தது.

அந்தச் சண்டைக்குப் பிறகு நாங்கள் நண்பர்களானோம். எப்படி என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அலமாரியை நிமிர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது, அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் கல்லூரி நிர்வாகம் கம்ப்யூட்டர் பாடம் ஒன்று தொடங்கியது. அதற்காக விலங்கியலின் மூன்று அறைகளையும் எடுத்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஸ்டோர் ரூமைக் கொடுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் கொடி பிடித்திருப்பார்கள். உல்லன் சாருக்கோ முகம் எல்லாம் சிரிப்பு. “ரெண்டு மீட்டர் நூலை நியூக்ளியஸுக்குள்ள செல்லு வெக்குது, மூணு ரூமை இதுக்குள்ள நான் வெக்க மாட்டனா?” என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

வைத்தார். தினமும் வேண்டிய மைக்ராஸ்கோப்பும் ஸ்லைடுகளும் நடுவில், கைக்கு எட்டும்படி, கலகலவென்று. வருஷத்துக்கு ஒருமுறைகூட வேண்டாத பாடம் செய்த பறவைகள், கண்ணாடி ஜாடிப் பாம்புகள், சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஒரு மனித எலும்புக்கூடு எல்லாம் சுவரோரமாக நெருக்கியடித்து. நியூக்ளியஸிலும் பெரும்பாலும் அப்படித்தானாம், வேலை செய்யாமல் வாய் மூடிக் கிடக்கும் டி.என்.ஏ. பகுதிகள் சுவரோரம் போய் ஒண்டிக்கொள்ளுமாம். ஒவ்வொரு சாமானிலும் ஒரு துண்டு உல்லன் நூல் கட்டினார். தினப்படி வேலைக்கு சிவப்பு, கேட்டால் மட்டும் எடுக்க நீலம். சேர்ந்து வேலை செய்கிறவற்றுக்கு ஒரே மாதிரி முடிச்சு. எனக்கு அந்த அறையைப் பார்த்தாலே மயக்கம் வந்தது.

அப்போது பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. ஆய்வகம் உருப்படியாக இல்லையென்றால் துறையை மூடிவிடுவார்கள். மொத்தமே பதினொரு மாணவிகள். மீன்சுருட்டியிலிருந்து மூன்று பஸ் மாறி வரும் ஒரு பெண் என் மேசை முன்னால் வந்து நின்றாள். “மூடிட்டா திருச்சிக்குப் போயித்தான் படிக்கணும் சார். எங்க வூட்டுல அனுப்ப மாட்டாங்க. கல்யாணத்தப் பண்ணி வெச்சிருவாங்க” என்றாள். கண் கலங்காமல் சொன்னாள், எனக்குத்தான் கலங்கியது.

ஆகவே நான் உதவி செய்தேன். நான் செய்த உதவிகளிலேயே படுமோசமான உதவி அது.

ஆய்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அட்டெண்டர் அஞ்சலையம்மாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தேன். பகல் முழுக்க உழைத்தேன். எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் போட்டு, கயிறு கட்டி, அகர வரிசைப்படி எண் எழுதி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். எலும்புக்கூட்டையும் மடித்துக் கட்டினேன். வெளியே வந்து பார்த்தபோது, என் வாழ்நாளில் அவ்வளவு அழகான அறையைப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, என் கைவேலையைக் காட்ட நான் கூட்டிப்போனபோது, உல்லன் சார் கதவைத் திறந்தார். “ஐயையோ!” என்ற சத்தம் பிரின்சிபால் அறை வரைக்கும் கேட்டிருக்கும்.

“எல்லாத்தையும் குரோமோசோமா கட்டிப்புட்டீங்களே சார்! செல்லு ரெண்டாப் பிரியறப்பதான் இப்படி மூட்டை கட்டும். தூக்கிட்டுப் போக மட்டும்தான் அது லாயக்கு. அப்ப அனேகமா எந்த ஜீனும் வாயத் தொறக்காது. இன்னைக்கு வந்து ஒரு ஸ்லைடு கேட்டா நான் எந்தப் பொட்டியப் பிரிக்கிறது?”

பதினொரு பெண்களின் படிப்பை என் கையாலேயே கயிறு போட்டு இறுக்கிவிட்டேன்.

அவர் தலையில் கை வைத்தபடி திடீரென்று நிமிர்ந்தார். “சார், நான் கட்டுன நூலெல்லாம்? அதையாவது விட்டு வெச்சீங்களா?”

“அறுத்தெறியணும்னுதான் நெனச்சேன். கத்திரிக்கோல் கெடைக்கல.”

அந்த மனிதர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “பொழச்சோம்! செல்லு மூட்டை கட்டுனாலும் அடையாளத்த விட்டு வெக்கும். பிரிஞ்சப்புறம் அதப் பாத்துதான் பழையபடி அதது எடத்துக்குப் போவும். போங்க, கயித்த அறுக்க ஒரு கத்தி கொண்டாங்க!”

நான் கேன்டீனுக்கு ஓடி, தேங்காய் உடைக்கிற அரிவாளோடு திரும்பினேன். பிறகு இரண்டு மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் பேயாக உழைத்தோம். அஞ்சலையம்மாதான் எங்களில் கெட்டி. “செவப்பா, நடுவுல! நீலமா, ஓரத்துல! ஒரே முடிச்சா, ஜோடியாப் போ!” என்று கூவிக்கொண்டே வீசினார், நாங்கள் பிடித்தோம். ஒரு லேபிளைக்கூட யாரும் படிக்கவில்லை. பதினொன்றேகாலுக்கு என் அகர வரிசை அடியோடு ஒழிந்து, அறை பழைய கந்தரகோளத்துக்கே திரும்பியிருந்தது.

பதினொன்றரைக்குக் குழு வந்தது. தலைமை வகித்த பேராசிரியை கண்டிப்பானவர். கதவருகே நின்று, “இதுதான் லேபா?” என்று கேட்ட தோரணையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது போலிருந்தது. மண்புழு ஸ்லைடு கேட்டார். அது வந்தது, அதற்கான மைக்ராஸ்கோப்பும் விளக்கும் கூடவே வந்தன. கரப்பான் ஸ்லைடு கேட்டார். வாய் மூடுவதற்குள் வந்தது. கடைசியில், மடக்கிவிடலாம் என்று நினைத்தோ என்னவோ, “ஹ்யூமன் ஸ்கெலிட்டன்?” என்றார்.

உல்லன் சார் சுவரோரம் தொங்கிய நீல நூலை இழுத்தார். எலும்புக்கூடு சக்கரத்தில் உருண்டு வந்தது, கொஞ்சம் வேகமாகவே வந்தது. வந்த வேகத்தில் ஒரு கையை அம்மையாரின் தோளில் போட்டுக்கொண்டு நின்றது.

அம்மையார் திரும்பி அதை மேலும் கீழும் பார்த்தார். “இவரும் ஸ்டாஃப்தானா?”

“இல்லைங்க மேடம். ஸ்டாஃபுன்னா நான் ஒருத்தன்தாங்க.”

அவர் சிரித்துவிட்டார். இவ்வளவு சின்ன அறைக்குள் எப்படி முடிந்தது என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. உல்லன் சார் நூல் கண்டை எடுத்துவிட்டார். குழு சாப்பிடப் போனபோது மணி மூன்று.

ஒரு மாதம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது. துறை பிழைத்தது. மீன்சுருட்டிப் பெண் நூலகத்துக்கே வந்து எனக்கு சாக்லேட் கொடுத்தாள். அன்று சாயங்காலம் பிரின்சிபால் என்னிடம், “இருந்தாலும் அந்தாளுக்கு ஒரு மெமோ கொடுத்திருக்கேன்” என்றார்.

“எதுக்கு சார்?”

“இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்குக் காலையில எட்டிப் பாக்கறேன், லேப் பூரா மூட்டை மூட்டையாக் கெடக்கு. யாரு வேலைன்னு கேட்டா, ‘நான்தான் கட்டுனேன், புத்தி கெட்டுப்போச்சு’ன்னு எழுதியே குடுத்துட்டார்.”

நான் அரிவாள் தேடி கேன்டீனுக்கு ஓடியிருந்த அந்தப் பத்து நிமிஷத்தில் நடந்திருக்கிறது. ஒரு மாதமாக என்னோடு தினமும் டீ குடித்த மனிதர், இதைப் பற்றி ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. நேராகப் போய்க் கேட்டேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, “எனக்கு மெமோ பழக்கம் சார். நீங்க ஒண்ணு வாங்குனா சோறு தின்ன மாட்டீங்க” என்றார்.

அங்கிருந்து பிரின்சிபால் அறைக்குப் போய், மூட்டை கட்டியது யார் என்று சொல்லி, மெமோவை என் பெயருக்கு மாற்றச் சொல்லி நின்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் சர்வீசில் நான் கேட்டு வாங்கிய ஒரே மெமோ அதுதான். அந்த மனிதருக்காக இன்னும் நாலு கொடுத்தாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.