பதினைந்து சட்டை

முப்பத்துமூன்று பேரில் முப்பத்தொன்றாவது இடம் என்று போட்டிருந்தது. வீரணன் செல்போனைத் துணி அடுக்கின் மேல் வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தான். வேல்விழி, ஐந்தாம் வகுப்பு. அவன் மகள்தான்.

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பிரிசில்லா டீச்சர் பட்டியல் போட்டிருந்தார். பிள்ளைகள் கணக்குப் படிக்க ஓர் ஆன்லைன் விளையாட்டு. அணில் ஒன்று ஆற்றைக் கடக்க வேண்டும். விடை சரியென்றால் ஆற்றில் ஒரு பலகை முளைக்கும். தப்பென்றால் அணில் தண்ணீரில் விழும். ஓர் ஆட்டத்துக்கு இருபது கேள்வி. பட்டியலுக்குக் கீழே, பெற்றோர் விளையாட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

“ஏனுங்க மாஸ்டர், கரண்ட் போன மாதிரி நிக்கறீங்க?”

துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் மோகன்ராஜ்தான் கேட்டான்.

“எம் மகளுக்குக் கணக்கு வரலையாம்யா.”

“எனக்குந்தான் வரலீங்க. நானெல்லாம் கெட்டா போயிட்டேன்?”

வீரணன் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் அவன் கட்டிங் மாஸ்டர். மேசையருகே நின்று பதினோரு வருடம் ஆகிவிட்டது. வேல்விழி இந்த மேசைப் பக்கம் வரக்கூடாது என்பதுதான் அவனுடைய ஒரே வைராக்கியம். அவள் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சன்டைசர் ஆக வேண்டும். மெர்ச்சன்டைசர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரனோடு பேசுகிறார்கள். அவர்களுக்குக் கால் வீங்குவதில்லை. ஆனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

“உங்க போன்லயே பாப்பாவோட பாஸ்வேர்டு இருக்குதல்லங்க? நீங்களே வெளையாடி ஏத்தி உட்ருங்க” என்றான் மோகன்ராஜ். “பொட்டப்புள்ளைங்க. கடைசில நின்னா மனசு ஒடஞ்சு போயிரும்.”

டீச்சர் எழுதியிருந்த கடைசி வரியை வீரணன் விரலால் மேலே தள்ளிவிட்டான். அது மறைந்தது.

பத்தரை மணி டீக்கு மணி அடித்ததும் அணிலைத் திறந்தான். முதல் கேள்வி அவனுக்காகவே வந்தது போல இருந்தது. பன்னிரண்டு மீட்டர் துணி இருக்கிறது. ஒரு சட்டைக்கு முக்கால் மீட்டர் வேண்டும். எத்தனை சட்டை தைக்கலாம்?

“பதினஞ்சு” என்று அழுத்தினான். அணில் தண்ணீரில் விழுந்தது.

“பதினாறுங்க” என்றான் மோகன்ராஜ்.

“பதினாறு எப்படிய்யா வரும்? வெட்டுனா கழிவு வராதா? கழுத்து வெட்டுறது எங்க போகும்?”

“அணிலுக்குக் கழிவெல்லாம் தெரியாதுங்க.”

“அதோட, துணிய எவன்யா மீட்டர்ல அளக்கிறான்? பனியன் துணி கிலோவுலல்ல வரும்?”

அடுத்த கேள்வி ஒரு பானைத் தண்ணீரைப் பற்றியது. ஆறு டம்ளரில் ஊற்றினால் டம்ளருக்கு எவ்வளவு என்று கேட்டது. வீரணன் சிந்துவதற்குக் கொஞ்சம் கழித்தான். அணில் மறுபடி விழுந்தது. டீ ஆறிப்போனது. ஆட்டம் முடிந்தபோது வேல்விழி முப்பத்துமூன்றாவது இடத்தில் இருந்தாள்.

“எறக்கிப்போட்டீங்களே மாஸ்டர்” என்றான் மோகன்ராஜ்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீரணன் மனதைக் கல்லாக்கிக்கொண்டான். எதுவும் சிந்தாத, கிழியாத, கழிவே இல்லாத ஓர் உலகத்தை நினைத்துக்கொண்டு விளையாடினான். சரியாக வந்தது. நாலு மணி டீக்குள் மகளைப் பதினான்காவது இடத்துக்குக் கொண்டுவந்தான். பதினோரு வருடத்தில் அவ்வளவு நிம்மதியாக அவன் டீ குடித்ததில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது வேல்விழி முப்பதாவது இடத்தில் இருந்தாள்.

மனைவி முத்துப்பேச்சி அவனுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். வேல்விழி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் திரை மாற்றி வந்த வீட்டுச் செல்போன். இரண்டு வாரமாக ஷிப்மென்ட் நெருக்கடி. கட்டிங் முடித்துக் கொடுத்தால்தான் தையல் மிஷின்கள் ஓடும். அதனால் அவன் கிளம்பும்போது மகள் எழுந்திருக்கமாட்டாள், திரும்பும்போது தூங்கியிருப்பாள். படுத்துத் தூங்குகிறவளாகவே அவளைப் பார்த்துவந்தான். கொஞ்சம் நீளமாகியிருப்பதாகத் தோன்றியது.

“நேத்து அந்த அணில் வெளையாண்டாளா?”

“பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட எறக்கல. அதத்தான் எடுத்தா.”

“எப்படிப் போட்டா?”

“சிரிச்சா.”

“சிரிச்சாளா?”

“பழைய விடையெல்லாம் காட்டும்ல, அதுல ஏதோ பதினஞ்சு சட்டைன்னு இருந்துச்சாம். பதினஞ்சு சட்டை, பதினஞ்சு சட்டைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.”

வீரணன் குரலைத் தாழ்த்தினான். “யாரு போட்டதுன்னு கேட்டாளா?”

“கேக்கல. ஏன், யாரு போட்டது?”

“எனக்கென்ன தெரியும்?” என்று சாப்பாட்டுக் கூடையை வாங்கிக்கொண்டு கிளம்பினான். மகளுக்குச் சந்தேகம் வரவில்லை. அது நல்லது. ஆனால் தப்பாகப் போட்டுவிட்டுச் சிரிக்கிற பிள்ளையை எப்படி மெர்ச்சன்டைசர் ஆக்குவது?

அன்றிலிருந்து பகலில் அவன் ஏற்றினான். மாலையில் அவள் இறக்கினாள். ஒன்பதுக்குக் கொண்டுபோனால் இருபத்தெட்டுக்கு வந்தாள். ஏழுக்குக் கொண்டுபோனால் முப்பதுக்கு. தண்ணீரில் போட்டால் சுருங்குகிற துணி மாதிரி இருந்தது.

“ஒரு ஆட்டம் பத்தாதுங்க மாஸ்டர்” என்றான் மோகன்ராஜ். “சுருங்கறதுக்கும் சேத்து வெட்டோணும்.”

வீரணன் சேர்த்து வெட்டினான். காலை டீக்கு ஓர் ஆட்டம். சாப்பாட்டுக்கு இரண்டு. கழிப்பறைக்குப் போனால் ஒன்று. பின்னங்களை மனசிலேயே போடப் பழகினான். ஐந்தில் மூன்று என்று முணுமுணுத்துக்கொண்டே எம் சைஸ் வெட்ட வேண்டிய துணியின் மேல் எல் சைஸ் அட்டையை வைத்தான். மோகன்ராஜ் போட்ட சத்தத்தில் வெட்டுக் கத்தி துணிக்கு ஒரு விரல் முன்னால் நின்றது. மேனேஜர் வந்து பார்த்தார்.

“என்னங்க வீரணன், ஒடம்பு செரியில்லீங்களா?”

“இல்ல சார். அணில்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

வியாழக்கிழமை மதியம் அது நடந்தது. வேல்விழி முதலிடம்.

வீரணன் செல்போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மோகன்ராஜ் இரண்டு போண்டா வாங்கிவந்தான். முதல் போண்டாவைக் கடிக்கும்போது பிரிசில்லா டீச்சரின் செய்தி வந்தது.

‘வேல்விழிக்கு வாழ்த்துகள். நாளை மதியம் இரண்டு மணிக்குக் கல்வி அலுவலர் நம் பள்ளிக்கு வருகிறார். அவர் முன்னிலையில் வேல்விழி பெரிய திரையில் விளையாடிக் காட்டுவாள்.’

கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் முளைத்தன. ஒன்று முத்துப்பேச்சியுடையது.

வீரணன் போண்டாவைக் காகிதத்தில் திருப்பி வைத்தான். பெரிய திரையில் அணில் இருபது முறை தண்ணீரில் விழுவது வீரணனுக்குத் தெரிந்தது. எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். நடுவில் வேல்விழி நிற்கிறாள்.

“எறக்கி உட்ருங்க” என்றான் மோகன்ராஜ். “அவ்வளவுதானுங்க. வெரசா எறக்குங்க.”

வீரணன் இறக்கினான். என்ன கேட்டாலும் பதினைந்து என்று அழுத்தினான். மாங்காய் பதினைந்து. மணி பதினைந்து. முக்கோணத்துக்குப் பதினைந்து பக்கம். அணிலைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்று ஆட்டத்தில் இருபத்தொன்பதாவது இடம் வந்தது. இனி டீச்சர் வேறு பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்வார்.

மாலை ஆறு மணிக்குச் சும்மா ஒருமுறை பார்த்தான்.

முதலிடம்.

நாலு ஆட்டம் ஆடியிருந்தாள். எண்பதுக்கு எண்பது சரி.

முத்துப்பேச்சியைக் கூப்பிட்டான். “ஏன்டி, நீயா போட்டுக் குடுத்த?”

“என்னத்த?”

“அணில்!”

“எனக்கு அதப் பாத்தாலே பாவமா இருக்கும். நான் அடுப்படில இருந்தேன். அவதான் மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிட்டு ஒக்காந்து போட்டா.”

“சிரிக்கலையா?”

“இன்னைக்கிச் சிரிக்கல. அதுக்கும் போன் பண்ணிக் கேப்பீகளா? போய் வேலையப் பாருங்க.”

சரியாகப் போட்டால் முகம் உர்ரென்று இருக்கிறது. தப்பாகப் போட்டால் சிரிக்கிறாள். வீரணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு மாலை சரியாக வந்தது பெரிய திரையிலும் வரும் என்று என்ன நிச்சயம்?

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மேனேஜரிடம் போய் நின்றான். “சார், ரெண்டு மணி நேரம் பர்மிசன் வேணும்.”

“இன்னைக்கு ஷிப்மென்ட்டுங்க!”

“இன்னைக்குத்தான் சார் வேணும்.”

தலையில் பஞ்சுத் தூசியோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தான். சத்துணவுக்குப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் ஐந்தாம் வகுப்புக்குப் போனான். பிரிசில்லா டீச்சர் திரையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க வேல்விழியப்பா. ரெண்டு மணிக்குத்தானுங்களே?”

“டீச்சர், அது நான்.”

“எதுங்க?”

“முதல் எடம். எம் மக இல்ல, நாந்தான். டீக்கு டீ நாந்தான் வெளையாண்டேன். அவளுக்குக் கணக்கு வராது டீச்சர். ஆபீசர் முன்னால நிப்பாட்டிராதீங்க. என்னைய வேணாத் திட்டுங்க. பிள்ளைங்க சிரிச்சா தாங்கமாட்டா.”

டீச்சர் கயிற்றை விட்டார். திரை ஒரு பக்கம் சரிந்தது.

“ஏனுங்க, அவளுக்குக் கணக்கு வராதுன்னு ஆருங்க சொன்னது?”

“நீங்கதான... முப்பத்தொண்ணாவது எடம்னு...”

“உங்க ஊட்டுப் போன் டிஸ்ப்ளே போயி மொத வாரம் அவ வெளையாடவே இல்லீங்க. அதுனால கடைசில நின்னா. கிளாஸ்ல நான் கேள்விய பாதி எழுதறதுக்குள்ள விடையச் சொல்லிப்போடறா. ஊட்டுக்குப் போனாத்தான் அத்தனையும் தப்பாப் போடறா. ஏன்னு எனக்கே புரியலீங்க. கேட்டாச் சிரிக்கறா.”

வீரணன் பெஞ்சில் உட்கார்ந்தான். சின்னப் பிள்ளைகள் பெஞ்சு. முழங்கால் முகவாயில் இடித்தது.

முட்டைக் கணக்குக் கேட்க வந்த சத்துணவு சமையலம்மா தெய்வாத்தாள் கரண்டியோடு வாசலில் நின்றிருந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நாம் பேசறேன்னு நெனச்சுக்காதீங்க டீச்சர். நேத்து அப்பாவுக்கு ஒண்ணுமே வரல, பாவம், நாந்தான் ஏத்தி உட்டேன்னு இப்பத்தானுங்க வரிசைல நின்னு சொல்லுச்சு அந்த வேல்விழிக் கண்ணு. மத்த நாளெல்லாம் வேணும்னேதானுங்க தப்புப் போடும், தப்புப் போட்டாத்தான் அவங்கப்பா கம்பெனில இருந்து கூட வெளையாட வருவாராமுங்க.”