பங்கஜத்தின் கன்னம் சிவந்த விவரம்

தியாகராய நகர், சென்னை
12-6-1943

மைத்துனர் ஸ்ரீ கனகராஜ் அவர்களுக்கு அய்யாதுரை எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை தங்கபுஷ்பமும் மகள் பங்கஜமும் க்ஷேமம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கல்யாண விஷயக் கடிதத்தின் மூலையில் மஞ்சளைக் காணோமே என்று பார்ப்பீர்கள். மஞ்சள் டப்பாவை உங்கள் தங்கை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். காரணம் நான்தான்.

நீங்கள் பார்த்துச் சொன்ன மயிலாப்பூர் வரன் வீட்டார் பெண்ணின் போட்டோ கேட்டார்கள். ஸ்டூடியோவில் பிலிம் இல்லை, யுத்தம் முடிந்ததும் வாருங்கள் என்றார்கள். ஹிட்லருக்காக வரன் காத்திருக்குமா? நம் ஜவுளிக்கடை அட்டையிலெல்லாம் மயில் வரைந்து தள்ளுகிற நான், பெற்ற மகளை வரையமாட்டேனா என்று இறங்கிவிட்டேன். சீமை வர்ணப் பெட்டியும் கப்பலில் வருவதில்லை என்பதால் வர்ணத்தையும் நானே செய்தேன். புடவைக்கு அவுரி, கூந்தலுக்கு விளக்குக் கரி, உதட்டுக்குச் செம்மண், முகத்துக்கு நல்ல விரலி மஞ்சள். எல்லாவற்றையும் அம்மியில் அரைத்து, வேலம்பிசின் கரைத்து, காய்ந்தால் வெடிக்காதிருக்கத் தேனும் சேர்த்தேன். அன்று சட்னி நீலமாக வந்ததை வீட்டில் யாரும் ரசிக்கவில்லை. தேனுக்கு வந்த எறும்பு பங்கஜத்தின் இடது புருவத்தைத் தின்றுவிட்டது. அதையும் திருத்தி, படத்தை நானே மயிலாப்பூருக்கு எடுத்துப் போனேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் மூன்று தலைமுறைச் சென்னைவாசி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர், "இன்னும் ஈரமாவா கீது?" என்று அதே விரலால் பங்கஜத்தின் கன்னத்தைத் தொட்டார். கன்னம் சிவந்தது. நான் பதறிப்போய் ஈரத் துண்டால் துடைத்தேன். நெற்றிவரை சிவந்தது. "இன்னா நைனா, பொண்ணுக்குத் தோல் வியாதியா? மஞ்சளப் பூசி மறைச்சிகினு வந்துட்டியா?" என்றார். படத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

"ஆரத்திக்கு மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு கலக்கதப் பாத்ததே இல்லியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பங்கஜம் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நம் கடைக்கு வேட்டி எடுக்க வந்த அந்தப் பையனை அவள் பார்த்திருக்கிறாள், பிடித்தும் இருக்கிறது. நீங்கள் உடனே ரயிலேறி வந்து பெரியவரைச் சமாதானப்படுத்த வேண்டும். வர்ணங்களைக் குழாயடியில் கொட்டிவிட்டேன். இனி ஜென்மத்தில் தூரிகையைத் தொடமாட்டேன், சத்தியம்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

தலைகுனிந்து நிற்கும்,
அய்யாதுரை

பி.கு.: கவரை ஒட்டுமுன் பெரியவரே வந்துவிட்டார். படத்தைப் பார்த்த அவர் சம்சாரம், "பொண்ணு வரும்போதே ஆரத்தி எடுத்துகினு வந்துட்டா, இனிமே வாசல்லயா நிக்க வைக்கிறது?" என்று சொல்லிவிட்டாராம். ஆகவே ரயிலேறுங்கள், சமாதானத்துக்கு அல்ல, நிச்சயதார்த்தத்துக்கு. பங்கஜம் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். படத்தில் அவள் பக்கத்தில் மாப்பிள்ளையையும் வரைந்து தரும்படி பெரியவர் கேட்கிறார். சம்பந்தி வாய்விட்டுக் கேட்டால் மறுக்க முடியுமா? அவுரியை ஊறப் போட்டாயிற்று. உங்கள் தங்கையும் அலமாரியைத் திறந்துவிட்டாள், கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறேன். வெற்றிலைக் கையோடு பிரித்து மூலை சிவந்திருந்தால் நான் பொறுப்பில்லை.